லூர்து மேரி தண்டனை பெற்றவர் அல்ல

லூர்து மேரி சிறைத் தண்டனை அனுபவித்துத் திருந்தியவர் என்று அவருடைய அடக்கத்தன்று கோயிலிலும், கல்லறையிலும், பிறகு வெளியே டீக்கடையிலும் பேசிக்கொண்டார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் அது தவறு. அவர் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெற்றதில்லை. நாற்பத்தேழு நாள் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தார். ஆறு வருடம் வழக்கு நடந்தது. முடிவில் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பின் நகலை முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படித்தவள் நான். இந்தத் தவறு எங்கிருந்து கிளம்பியது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நம் பங்கு இதழில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உயிரோடு இருந்தவரை அவரை நான் 'நீ' என்றுதான் அழைத்தேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். 'நீ' என்றதற்கு, வயதில் என்னைவிடப் பதினான்கு வருடம் இளையவர் என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம். உண்மையான காரணம் அதுவல்ல.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வந்தது. நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் எண்ணூர்க் குப்பத்திலிருந்து செல்வி, கணவரின் வழக்குக்காக ஒரு காலத்தில் எங்களிடம் வந்தவள்.

"மேடம், லூர்தக்கா பூட்சி."

"பூட்சின்னா?" என்று கேட்டேன்.

இராயபுரத்தில் பிறந்து, இராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, எழுபத்தெட்டு வயதான எனக்கு அந்தச் சொல் தெரியாதா? தெரியும். யார் பேசினாலும் சரியாகப் பேசவைத்துக் கேட்பது என் பழக்கம். அந்த நேரத்திலும் அது விடவில்லை.

"செத்துட்டாங்க மேடம்" என்றாள் செல்வி. "காலீல எறா உரிச்சிகினு இருந்தாங்க. நெஞ்சு வலிக்கிதுன்னாங்க. ஆட்டோல ஏத்துறதுக்குள்ள..."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

லூர்து மேரியை அறியாத புதிய குடும்பங்கள் இப்போது பங்கில் நிறைய. அவர்களுக்காகச் சொல்கிறேன். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை அவருக்கு. கணவர் காலமான பிறகு தம்பி சவரியோடு ஒரே வீட்டில் இருந்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஆனால் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்வரை, வீட்டு ஆணைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டால் பெண்கள் முதலில் ஓடிவந்தது அவரிடம்தான். வக்கீலிடம் போவது அதற்குப் பிறகு. ஏனென்றால் வக்கீல் என்ன சொன்னார் என்பதைச் சொல்ல இவர் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். தமிழில்தான் இருக்கும். வழக்கு மேலே ஏற ஏறக் காகிதம் ஆங்கிலமாகிவிடும். காகிதம் தமிழில் இருந்தாலும் வராந்தாவில் பேசுகிற வாய் ஆங்கிலத்தில் பேசும். ரிமாண்டு, பெயில், ஷூரிட்டி, சார்ஜ் ஷீட், அட்ஜர்ன்மென்ட் என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியேறிப் போய்விடுவார்கள். கீழே நிற்கிற பெண்ணுக்குத் தன் கணவன் இன்று வீட்டுக்கு வருவானா மாட்டானா என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும். சொல் புரியாது. லூர்து தன் வழக்குக்காக ஆறு வருடம் அந்த வராந்தாவில் நின்றவர். ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே அர்த்தம்.

அந்த நோட்டோடுதான் முதல்முறை என் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்த பிறகு.

"மேடம், நீங்க இட்லியகூட முள்ளு கரண்டியாலதான் துன்னுவீங்கன்னு ஏரியாவுல பேச்சு. அவ்ளோ இங்கிலீஷாம். இத்த கொஞ்சம் திருத்திக் குடுங்க. இந்தப் பொம்பளைங்களுக்கு நான் தப்பா சொல்லிறக்கூடாது பாருங்க."

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தொரு வருடம் ஸ்டெனோவாக இருந்தவள். என் ஆங்கிலத்தில் எந்த மேலாளரும் ஒரு கமாவைக்கூட மாற்றியதில்லை. மேஜைமேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நோட்டை வைக்கச் சொன்னேன். நோட்டில் இறால் வாசனை இருந்தது. செய்தித்தாளை நான் ஏன் விரித்தேன் என்று அவருக்குப் புரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுவரோரம் நின்றுகொண்டு என் சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சரியான ஆங்கில எழுத்தைச் சிவப்பில் எழுதினேன். அர்த்தங்களைத் திருத்தவும் பேனாவைத் தூக்கினேன். கீழே வைத்துவிட்டேன். திருத்த ஒன்றும் இல்லை. சிலவற்றை எடுத்து எழுதுகிறேன்.

அக்யூஸ்டு: விரல நீட்டிக் காட்டிகீறாங்க. அவ்ளோதான்.

சம்மன்: வான்னு கூப்புடறது. வாரண்டு: வந்து இட்டுகினு போறது.

ரிமாண்டு: தப்பு பண்ணான்னு இன்னும் யாரும் சொல்லல. சொல்ற வரைக்கும் உள்ள வெச்சிகினு கீறாங்க.

பெயில்: ஆளு வூட்டுக்கு வந்துட்டான். கேஸு அங்கியேதான் கீது.

ஷூரிட்டி: உனுக்காக கையெழுத்துப் போடறவன். கல்யாணத்துக்கு வந்தவன்லாம் இதுக்கு வரமாட்டான்.

கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அப்போதுதான் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அதன்பின் அப்போதைய பங்குத் தந்தையிடம் நானே பேசி, பங்கு மண்டபத்தின் கிழக்கு மூலையில் சனிக்கிழமைதோறும் ஒரு மேஜை போட ஏற்பாடு செய்தேன். நான் காகிதத்தை ஆங்கிலத்தில் சத்தமாகப் படிப்பேன். லூர்து கண்ணை மூடிக் கேட்பார். பிறகு எதிரில் இருக்கும் பெண்ணிடம் திரும்பி, நான் ஐந்து நிமிடம் படித்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்வார். மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. ஒருமுறை ஒரு கிழவர், "இந்தம்மா ஷோக்கா படிக்குது, ஆனா நீ சொன்னாதான் பயம் போவுது" என்றார். லூர்து என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். என் கணவர் போன பிறகு வாரத்தில் வேறு எந்த நாளுக்காகவும் நான் காத்திருந்ததில்லை.

அவருடைய சொந்த வழக்கை ஒரு நாள் கும்மிடிப்பூண்டி ரயிலில்தான் சொன்னார். எண்ணூரில் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சவரி எங்கிருந்தோ ஒரு தாமிரக் கம்பிச் சுருளைக் கொண்டுவந்து, அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே ஒரு பழைய வலையைப் போட்டிருக்கிறான். போலீஸ் வந்தபோது அவன் இல்லை. கட்டில் லூர்துவுடையது, வீடு அவர் பெயரில். திருட்டுப் பொருள் வைத்திருந்ததாக அவரை அழைத்துப் போனார்கள்.

"தம்பிதான்னு சொல்லவேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"சொல்லிருந்தா அவன் உள்ள, நான் வெளிய. எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். அவனுக்குக் கொயந்த பொறந்து இருவது நாளு."

"அவர் வந்து ஒப்புக்கொள்ளவில்லையா?"

"அவன் மாமியா ஊர்ல போயி ஒக்காந்துகினான். கேஸு முடிஞ்சப்புறம்தான் வந்தான். ஒரு வாட்டி அழுதான். அப்புறம் சோறு போட்டேன்."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். தீர்ப்பின் நகல். ரயில் விம்கோ நகரைத் தாண்டுவதற்குள் படித்து முடித்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஆகவே விடுவிக்கப்படுகிறார் என்று தெளிவாக இருந்தது. "நல்ல ஆங்கிலம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் உறையை வாங்கி, மடிப்பு விழாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி எழுதுவது எளிதல்ல.

செல்வியின் கணவர் வலை காயவைக்கிற இடத்தில் நடந்த ஓர் அடிதடியில் கைதாகியிருந்தார். பெயில் கிடைத்துவிட்டது. உத்தரவின் நகலோடு செல்வி ஒரு சனிக்கிழமை வந்தாள். லூர்து அன்று ஒரு ஷூரிட்டி விஷயமாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். மேஜையில் நான் மட்டும். ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் எழுந்து நின்று அந்த உத்தரவைப் படித்தேன். நன்றாகப் படித்தேன். என் பள்ளியில் மேடையேறி ஒப்பித்து வாங்கிய பரிசுகள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. படித்து முடித்து, "பெயில் கொடுத்துவிட்டார்கள். இனி கவலை இல்லை, அழைத்துக்கொண்டு போ" என்றேன். செல்வி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் காகிதத்துக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது. நான் திருப்பவில்லை.

தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை பின்பக்கத்தில் இருந்தது. வக்கீல் ஏதோ சொன்னாராம். மேடம் சொல்லிவிட்டார்களே என்று செல்வி அதைக் காதில் வாங்கவில்லை. கணவரைப் பழவேற்காட்டில் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கேயே அவர் மச்சானோடு கடலுக்குப் போக ஆரம்பித்தார். பெயில் ரத்தாகி மறுபடியும் பிடித்துக்கொண்டு போனபோது வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். இரண்டாவது முறை வெளியே எடுக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் செல்வியின் வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்துவிட்டது. தகப்பன் முகம் பார்க்கவில்லை.

அவரை மறுபடியும் பிடித்துப் போனதற்கு அடுத்த சனிக்கிழமை லூர்து அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்துத் திருப்பினார். சுற்றிலும் அதே பெண்கள்.

"மேடம், இங்கிலீஷு உங்குள்து. கேஸு எங்குள்து. ரெண்டு பக்கமும் படிங்க."

குரலை உயர்த்தவில்லை. சொன்னது நியாயம். எழுபதைத் தொடப்போகும் ஒருத்தியை இறால் உரிக்கிற ஒரு பெண் எல்லோர் முன்னாலும் இப்படிச் சொல்லலாமா என்பதுதான் எனக்கு அன்று பெரிதாக இருந்தது. செல்வியின் கணவர் எனக்கு நினைவுக்கே வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பங்குப் பேரவைக் கூட்டம். நம் பேரவையின் குறிப்பேடு ஆங்கிலத்தில் எழுதப்படுவது உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்து வழக்கம். நடுவில் யாரோ தமிழுக்கு மாற்றலாம் என்று சொன்னபோது, கூடாது என்று வாதாடி நிறுத்தியவள் நான். பதினாறு வருடம் செயலராக இருந்து அதை எழுதியவளும் நான். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போடுவார்கள், படித்துப் பார்ப்பவர் இல்லை.

சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருந்த ஓர் உறுப்பினர் எழுந்தார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அவர் தெரியாமல் கேட்டார். "ஃபாதர், நம்ம ஹாலுல ஒரு கன்விக்ட் உக்காந்து சட்டம் சொல்றாங்கன்னு வெளிய பேசறாங்க. நல்லாவா இருக்கு?"

பங்குத் தந்தை என்னைப் பார்த்தார். "உங்களுக்குத்தானே அவங்களை நல்லாத் தெரியும். கன்விக்ட் ஆனவங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பிளாஸ்டிக் உறை என் கண்ணுக்குள் இருந்தது.

"ஜெயிலில் இருந்தது உண்மை, ஃபாதர்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் இல்லை. அந்தச் சொற்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை அந்த அறையில் அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஜெயில் என்றால் ஜெயில். சிறைத் தண்டனை பெற்ற ஒருவர் பங்கு மண்டபத்தில் சட்ட விளக்கம் அளிப்பது உகந்ததல்ல என்று பேரவை முடிவு செய்தது. அதை ஆங்கிலத்தில், பிழையில்லாமல், என் சாய்ந்த கையெழுத்தில் எழுதினேன். கன்விக்ட் என்ற சொல்லை எழுதும்போது பேனா தயங்கியது என்று இப்போது சொன்னால் அழகாக இருக்கும். தயங்கவில்லை.

சனிக்கிழமை லூர்து வந்தபோது மூலையில் மேஜை இல்லை. கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். லூர்து அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். வாசற்கதவுக்கு உள்ளே வரவில்லை. உறையை மட்டும் நீட்டினார்.

"மேடம், இது உங்ககிட்டயே இருக்கட்டும். மேஜ போனா போவுது, நான் எங்கியாச்சும் போட்டுக்குவேன். அந்த நோட்டுல மட்டும் ஒரு வரி எயுதிருங்க. நான் தண்டன வாங்கலன்னு. பேசனது காத்தோட பூடும் மேடம். எயுதனதுதான் நின்னுகினு பேசும்."

"அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றேன்.

"நீங்க சொன்னதுல பொய் இல்ல. அதான் கஷ்டமா கீது" என்றார். பிறகு என் வாசலில் இருந்த துளசிச் செடியைப் பார்த்து, "தண்ணி ஊத்தலியா, வாடிகினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலை நான்தான் தயாரித்தேன். அதில் ஏழு விஷயங்கள் இருந்தன. திருவிழாப் பந்தல், மண்டபத்துக் கழிப்பறைக் கதவு எல்லாம் இருந்தன. இது இல்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் இல்லை. முழங்கால் வலியென்று செயலர் பொறுப்பிலிருந்து நான் விலகியபோது குறிப்பேட்டை ஒப்படைத்தேன். உறை என் அலமாரியில், என் பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால் இருந்தது. எட்டு வருடம் இருந்தது.

லூர்து திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் மேஜையில்லாமலே சனிக்கிழமைகளைத் தொடர்ந்தார். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் போகும்போது பார்த்தேன். ஒரு பெண் காகிதத்தை நீட்டியிருந்தாள். லூர்து முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கத்துக்கு வந்தார். ஆட்டோ நின்றது. என்னைக் கண்டுவிட்டார்.

"இன்னா மேடம், முட்டி வலின்னு சொன்னாங்களே, தேவலியா?"

"பரவாயில்லை."

"எறங்குங்க, ஒரு டீ குட்ச்சிட்டுப்..." என்று ஏதோ ஆரம்பித்துச் சிரித்தார். "அய்யே, நீங்க கிளாஸுல குடிக்க மாட்டீங்களே."

ஆட்டோ நகர்ந்தது. இறங்கியிருக்கலாம். ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவரோடு கடைசியாகப் பேசியது 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்.

அடக்கப் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. குப்பங்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். சிலுவைக் குறி போடத் தெரியாதவர்கள் பாதிப்பேர், மற்றவர்களைப் பார்த்து எழுந்து, பார்த்து உட்கார்ந்தார்கள். நம் இன்றைய பங்குத் தந்தை வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. லூர்துவை அவர் அறியமாட்டார். தெரியாத ஒருவரைப் பற்றிப் பொதுவாக நான்கு நல்ல வார்த்தை சொல்லி முடிக்கிறவர் அல்ல அவர். தேடிப் படித்துக்கொண்டு வந்திருந்தார். "நம் சகோதரி ஒரு காலத்தில் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை அனுபவித்தவர். ஆனால் அதிலிருந்து எழுந்து, தன்னைப்போல் தவறியவர்களுக்குத் துணை நின்றவர்" என்று பிரசங்கித்தார். பெண்கள் அழுதார்கள்.

பெட்டிக்கு அருகில் முதல் வரிசையில் சவரி உட்கார்ந்திருந்தார். தலைமுடி முழுவதும் நரைத்துவிட்டது. அவர் எழுந்து பேசுவார் என்று நினைத்தேன். எழவில்லை. திரும்பி, வரிசை வரிசையாகத் தேடி, என்னைப் பார்த்தார். நானும் எழவில்லை.

பூசை முடிந்ததும் பங்குத் தந்தையிடம் போய், இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"பழைய மினிட்ஸ்லதான் மேடம். நீங்க எழுதினதுதானே? எவ்வளவு தெளிவான கையெழுத்து" என்றார் அன்போடு.

அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. எழுதியிருந்ததை நம்பினார். நம்பும்படி எழுதியவள் நான்.

கல்லறையிலிருந்து வெளியே வரும்போது சவரி காத்திருந்தார். கையில் அந்த நீள நோட்டு.

"அக்கா இத்த உங்களாண்ட குடுக்கச் சொல்லிச்சி. போன கிறிஸ்மஸுக்கே சொல்லிச்சி. சேப்பு எயுத்தெல்லாம் உங்குள்துன்னுச்சி." நோட்டை நீட்டினார். "சாமியாரு சொல்லசொல்ல நானும் வாய தொறக்கல மேடம். நீங்களும் தொறக்கல."

"இல்லை" என்றேன்.

"தொறந்திருந்தா அந்த சுருளு யாருதுன்னு கேப்பாங்க. பேரப்புள்ள பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தான்" என்றார். பிறகு, "உங்களுக்கு இன்னா கொற?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். நான் நோட்டை வாங்கிக்கொண்டேன்.

நோட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. கீழே செய்தித்தாள் விரிக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இறால் வாசனை போகவில்லை. எனக்குப் பின் அது செல்விக்குப் போகும். திருவொற்றியூர் பெஞ்சில் இப்போது சனிக்கிழமை உட்காருவது அவள்தான். அதுவரை லூர்துவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, எந்தக் காகிதம் வந்தாலும், மின்வாரிய ரசீதானாலும், முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம். இன்னொன்று, பதினோராம் பக்கத்தில் உள்ள ஒரு பதிவு:

கன்விக்ட்: ஜட்ஜு சொன்னாதான். வேற எவன் சொன்னாலும் செல்லாது.

பக்கத்தில் அந்தச் சொல்லின் சரியான ஆங்கில எழுத்து, சிவப்பு மையில், என் கையால். அர்த்தத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன்.

பங்குப் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. லூர்து மேரியின் விடுதலைத் தீர்ப்பு நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். குறிப்பேட்டில் நான் எழுதிய பதிவை அடிக்கவேண்டாம். நான் எழுதினேன் என்பது தெரியவேண்டும். அதன் கீழே, அவர் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர் அல்ல என்றும், முந்தைய பதிவு செயலர் உண்மையை அறிந்தே எழுதிய தவறு என்றும் சேர்க்கவேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் போதாது, தமிழிலும் எழுதவேண்டும். முப்பதாம் நாள் பூசையில் அதை வாசிக்கவேண்டும். மற்றவர் வாசிக்கத் தயங்கினால் நான் வாசிக்கிறேன்.

பேரவையின் முடிவு எதுவானாலும் அதை எழுத்தில், தேதியும் கையெழுத்தும் இட்டு, எனக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லவேண்டாம்.